ஆறு ரூபாய் ரசீது: சுனாமி வீட்டுக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட அனுபவம்

என் அலுமாரியில் குடும்ப அட்டையோடும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடும் ஒரு ரசீதையும் வைத்திருக்கிறேன். தொகை 6 ரூபாய். 2018 இல் ஓர் அரச அலுவலகத்தில் போட்டோக் கொப்பிக்காகக் கட்டிய காசு. மொத்தம் ஏழு பக்கம் தந்தார்கள். முதல் நாலு பக்கத்துக்குக் காசில்லை, அதற்கு மேல் பக்கத்துக்கு 2 ரூபாய். நான் பன்னிரண்டு வருடமாகக் குடியிருந்த வீட்டுக்கு யார் காசு கொடுத்தார்கள், எதெதற்குக் கொடுத்தார்கள் என்பதை அந்த ஏழு பக்கத்தில்தான் முதல்முதலாக வாசித்தேன்.

அரச கந்தோர்களிடம் உள்ள ஆவணத்தைப் பிரஜைகள் கேட்டு எடுக்க வழி தரும் இலங்கையின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று மகள் பல நாளாகச் சொல்கிறாள். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தது. 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். திரும்பவும் வெளிநாட்டு நிவாரணம், திரும்பவும் பட்டியல், திரும்பவும் தறப்பாள். இனியும் தள்ளிப்போடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது மட்டக்களப்பு திராய்மடுவில். அதற்கு முன் நாவலடி. ஊரை அறியாதவர்களுக்குச் சொன்னால், நாவலடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டு. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அதன் மேலால் போய் வாவியில் விழுந்தது. மாமியையும் என் மூத்தவனையும் அன்றைக்கு இழந்தேன். அதை எழுத இங்கே வரவில்லை. அதற்குப் பிறகு வந்த காசைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அரசாங்கம் தந்தது எனக்கு இன்றைக்கும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். இறந்தவருக்கு ஈமச் செலவு 15,000 ரூபாய். சட்டி பானைக்கு 2,500. ஆளுக்குக் கிழமைக்கு 375, அதில் 200 காசு, மிச்சம் அரிசி பருப்பு. குடும்பத்துக்கு 5,000. இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வைத்தோம். கையெழுத்துத் தெரியாத கிழவிகள் பெருவிரலை நீலப் பெட்டியில் ஒற்றி வைத்தார்கள். 375 ரூபாய்க்கு நாங்கள் கணக்குக் காட்டினோம். மேலே கோடிக்கணக்கில் வந்ததற்கு யார் யாருக்குக் கணக்குக் காட்டினார்கள் என்ற கேள்வி எனக்கு அப்போதே இருந்தது. கேட்கும் வழிதான் தெரியாது.

எவ்வளவு வந்தது? உதவி நிறுவனங்களே சேர்ந்து அமைத்த சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006 இல் அறிக்கை கொடுத்தது. சுனாமிக்காக உலகம் தந்தது, தருவதாகச் சொன்னது எல்லாம் சேர்த்துக் குறைந்தது 1,350 கோடி டொலர். பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டொலருக்கு மேல். அதே 2004 இல் பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குக் கிடைத்தது 3 டொலர். மகள் இதை வாசித்துச் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. எங்களுக்காக என்று வந்த காசு எங்கள் கைக்கும் முழுதாக வரவில்லை, இடுப்பளவு தண்ணீரில் நின்ற பங்களாதேஷ் பெண்களுக்கும் போகவில்லை. 2007 இல் ஊழலுக்கு எதிரான டிரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் இலங்கைக் கிளை, நாட்டுக்கு வந்த சுனாமி உதவியில் கிட்டத்தட்ட 50 கோடி டொலருக்குக் கணக்கு இல்லை என்று பகிரங்கமாகக் கேட்டது. தகவல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3 இல்தான்.

கணக்குக் கேட்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு காரணத்தை நானே கண்ணால் கண்டேன். கேட்க வேண்டிய கந்தோரே இல்லாமல் போய்விடும். சுனாமி வந்த கையோடு கொழும்பில் தேசிய நடவடிக்கை நிலையம் என்று ஒன்று வந்தது. கொஞ்ச நாளில் அது போய் டஃப்ரன் என்ற மீள்கட்டுமானச் செயலணி வந்தது. பிறகு டஃப்ரன் போய் ராடா என்ற இன்னொரு புனரமைப்புக் கந்தோர் வந்தது, அதுவும் போய்விட்டது. எங்கள் கிராம சேவகரிடம் ஒவ்வொரு தடவையும் புதுப் படிவம் இருக்கும், பழைய படிவம் என்ன ஆனது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. கொடுக்கும் பக்கத்திலும் இதே கதைதான். அத்தனை நாட்டில் திட்டம் நடத்திய யுஎஸ்எய்ட் என்ற அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் 2025 ஜூலையில் மூடப்பட்டது. நிறுவனம் போகும், வீடு நிற்கும், வீட்டில் உள்ளவர்கள் நிற்பார்கள்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று அப்போது அரசாங்கம் விதி போட்டதால் நாவலடிக்காரர் பலரைத் திராய்மடுவுக்குக் கொண்டுவந்தார்கள். சில இடங்களில் அரசாங்கம் முழுச் சேதத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகத் தந்து ஆட்களையே கட்டிக்கொள்ள விட்டது. எங்களுக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கட்டித் தந்தது. 500 சதுர அடி, இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் மலசலகூடம். சுவர் நல்ல சுவர், இன்றைக்கும் வெடிக்கவில்லை. கட்டிய மேசன்மாரை நன்றியோடு நினைக்கிறேன்.

பிழை தரையில் இருந்தது. அந்த நிலம் பள்ளம். மாரி பிறந்தால் வளவுக்குள் தண்ணீர் நிற்கும், இரண்டு நாள் விடாமல் பெய்தால் மலசலகூடக் குழி நிரம்பி மேலே வரும். வடிகால் என்று ஒன்று எங்கேயும் கிடையாது. ஒவ்வொரு மாரிக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வடிகால் கேட்டு மாதர் சங்கத்தால் கடிதம் கொடுத்தால் ஒவ்வொரு கந்தோரிலும் ஒரே பதில். "அது என்ஜிஓ கட்டின திட்டம் அக்கா, எங்களிட்ட ஒண்டும் இல்ல." என்ஜிஓவோ 2006 இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு ஆளாகக் குறைந்து, ஒரு நாள் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

2018 இல் டவுனில் ஒரு நாள் பயிற்சி. இரண்டு இளம் பிள்ளைகள் வந்து தகவல் சட்டத்தைச் சொல்லித் தந்தார்கள். நான் சங்கப் பொருளாளர். ஐந்து ரூபாய் சந்தாவுக்கும் ரசீது எழுதுகிறவள். ஆகவே அன்றைக்கு அவர்கள் சொன்ன ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. விண்ணப்பிக்க என்ன காரணம் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவதாக இன்னொன்று. அரசாங்கத்திடமோ வெளிநாட்டு அரசிடமோ சர்வதேச நிறுவனத்திடமோ பெரும்பகுதிக் காசு வாங்கி மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனமும், அந்தச் சேவையைப் பற்றிய அளவில், இந்தச் சட்டத்துக்குள் வரும். எங்கள் பக்கத்தில் இதை அறிந்தவர் மிகக் குறைவு. என்ஜிஓவிடம் கேட்க முடியாது என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். கேட்கலாம்.

விண்ணப்பம் எழுத மூன்று இரவு எடுத்தது. முதலில் "ஏன் எங்களுக்கு வடிகால் கட்டவில்லை?" என்று எழுதினேன். பயிற்சி தந்த பிள்ளை தொலைபேசியில் அதை வெட்டச் சொன்னார். ஏன் என்பது தகவல் இல்லை, அதற்கு யாரும் கடதாசி தர முடியாது, எந்தக் கடதாசி வேண்டும் என்று எழுதுங்கள் அக்கா என்றார். நீங்கள் போடப்போகும் விண்ணப்பத்துக்கு என்னால் சொல்லக்கூடிய மிகப் பெறுமதியான புத்தி இதுதான். கடைசியில் கேட்டது மூன்று: அரசாங்கத்துக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையில் எழுதிய ஒப்பந்தத்தின் பிரதி, திட்டத்தின் வரைபடமும் எஸ்டிமேட்டும், வேலை முடிந்தது என்று கொடுத்த சான்றிதழும் அதில் கையெழுத்திட்டவரின் பதவியும்.

தமிழிலேயே எழுதினேன். விண்ணப்பத்துக்குக் காசில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கவுன்டரில் இருந்தவர் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார்.

"எதுக்கு அக்கா இது?"

"காரணம் சொல்லத் தேவையில்லை எண்டு சட்டத்தில இருக்கு தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை, பயந்துகொண்டுதான் சொன்னேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து பற்றுச்சீட்டுக் கொப்பியை எடுத்தார். அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். முப்பது வருடமாகக் கந்தோர்களுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன், வாங்கியதற்கு ஒரு துண்டு தந்தது அன்றைக்குத்தான்.

பதில் தர 14 வேலை நாள். அடுக்களைக் கலண்டரில் சனி, ஞாயிறு, போயா, லீவு எல்லாம் வெட்டி எண்ணி வட்டம் போட்டேன். பதின்மூன்றாவது நாள் தபால் வந்தது. "மேற்படி கோப்பு எம்மிடம் இல்லை." ஒரே ஒரு வரி. பலர் இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள், நானும் விடத்தான் பார்த்தேன். ஆனால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அது தனி ஆள், மேல் பதவி. ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு இருக்கச் சொல்லி, எந்த வருடம், எந்த நிறுவனம், திறப்பு விழாவுக்கு யார் வந்தார் என்று பொறுமையாகக் கேட்டார். அடுத்த கிழமை ஆவண அறையில் தேட ஆள் போட்டார். ஒரு நல்ல அலுவலர் கையில் இந்தச் சட்டம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு அவர்தான் சாட்சி.

அந்த ஏழு பக்கம். முதல் மூன்றும் ஒப்பந்தம், ஆங்கிலத்தில். எந்த நாட்டுக் காசு, எத்தனை வீடு, யார் கட்டுவது, நிலம் யார் தருவது, கட்டி முடித்தபின் பொறுப்பு யாருக்கு என்று ஒவ்வொன்றாக இருந்தது. கடைசிக் கையெழுத்து இரண்டு. ஒன்று நிறுவனத்தின், மற்றது அரசாங்கத்தின். "எங்களிட்ட ஒண்டும் இல்ல" என்று பன்னிரண்டு வருடம் கேட்டோமே, அந்த "எங்களிட்ட" என்பவர்களின் முத்திரை அங்கே வட்டமாகக் கிடந்தது.

நாலாவது பக்கம் வரைபடம். எங்கள் வீட்டை எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தேன், தீப்பெட்டிக்குக் கால்வாசி இருக்கும். அதற்குப் பின்னால் கோடு கோடாக ஒரு நீண்ட வரி ஓடியது. ஒழுங்கைகள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வடக்கே போய்த் தாளின் விளிம்பில் முடிந்தது. மகள் மூலையில் இருந்த விளக்கத்தை வாசித்தாள். மழைநீர் வடிகால். விரலை வைத்து அந்தக் கோட்டின் மேலேயே போனேன், என் வளவைத் தாண்டி, சங்கத் தலைவியின் வளவைத் தாண்டி. அந்தக் கோடு போகும் இடமெல்லாம் ஒவ்வொரு மாரியிலும் எங்களுக்கு முழங்கால் தண்ணீர்.

எஸ்டிமேட்டில் வடிகாலுக்கென்று ஒரு வரியும் எதிரே ஒரு தொகையும் இருந்தன. சான்றிதழில் வீடுகள் முடிந்தன, மலசலகூடங்கள் முடிந்தன, வடிகால் "இரண்டாம் கட்டத்தில்". கீழே கையெழுத்து. அந்த இரண்டாம் கட்டம் வரவேயில்லை.

யாரோ திருடிவிட்டார் என்று நான் எழுதவில்லை. கடதாசி அப்படிச் சொல்லவில்லை. சண்டைக்குள் வேலை நின்றிருக்கலாம், காசு திரும்பிப் போயிருக்கலாம், வேறு ஊருக்கும் போயிருக்கலாம். இரண்டாம் கட்டத்தின் காசைக் கேட்டு இன்னொரு விண்ணப்பம் போட்டேன். நிறுவனம் நாட்டில் இல்லை என்ற பதிலோடு அது நின்றது. கொழும்பில் உள்ள தகவல் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்திருக்க வேண்டும். அந்த நேரம் மகளின் பிள்ளைப்பேறு, ஆஸ்பத்திரியும் வீடுமாக நாள் தப்பிவிட்டது. அதற்காக இன்றைக்கும் மனம் வருந்துகிறேன். நீங்கள் தப்பவிடாதீர்கள்.

ஆனால் அந்த ஏழு பக்கத்தையும் கொப்பி எடுத்து உள்ளூராட்சிக்குக் கொடுத்த கடிதத்தோடு பின் பண்ணினோம். அதற்குப் பிறகு ஒருவரும் "என்ஜிஓ திட்டம்" என்று சொல்லவில்லை. 2020 இல் பிரதான ஒழுங்கையில் கொங்கிரீட் வடிகால் வந்தது, வரைபடத்தில் இருந்ததில் பாதி நீளம். எங்கள் பக்கத்துத் தண்ணீர் இப்போது ஒரே நாளில் வடிகிறது. மற்றப் பாதிக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வேறு வழியில் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஐ.நா.வின் எஃப்.டி.எஸ். என்று ஒரு இணையதளம் இருக்கிறது. மனிதாபிமான உதவியில் எந்த நாடு, எந்த நிறுவனத்துக்கு, எந்த வருடம், எவ்வளவு என்று யாரும் பார்க்கலாம். வாக்குறுதி வேறு, கொடுத்தது வேறு என்றும் பிரித்துக் காட்டும். 2005 ஜனவரியில் ஐ.நா. சுனாமிக்கு 97.7 கோடி டொலர் கேட்டபோது இந்தக் காசைப் பின்தொடரும் வேலைக்கு பிரைஸ்வோட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் என்ற கணக்காய்வு நிறுவனம் கூட இலவசமாக ஆள் கொடுத்தது. நல்ல தளம். பேப்பரில் வரும் பெரிய தலைப்புகளைச் சரிபார்க்க உதவும். ஆனால் அதன் கணக்குக் கொடுத்தவரும் வாங்கிய நிறுவனமும் தெரிவிப்பதை வைத்துத்தான் நிற்கிறது. நிறுவனத்தின் வாசலோடு நின்றுவிடும், திராய்மடு ஒழுங்கைக்குள் வராது. ஒழுங்கைக்குள் வருவது தகவல் சட்டம் ஒன்றுதான்.

சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி 9 ஆம் பிரிவு. ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் காசில் செய்யும் திட்டமும், 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டுத் திட்டமும் தொடங்க மூன்று மாதம் முந்தியே அதன் விபரத்தை அமைச்சர் வெளியிட வேண்டும். அவசரமென்றால் ஒரு கிழமை முந்தி. நாங்கள் கேட்காமலே தர வேண்டிய தகவல் இது. எங்கள் ஊரில் அப்படியொரு அறிவித்தலை நான் இதுவரை காணவில்லை. 2005 இல் இந்தப் பிரிவு இருந்து, அந்த வரைபடம் கிராம சேவகரின் கந்தோர்ச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், மேசன்மார் நிற்கும்போதே வடிகால் எங்கே என்று நாங்கள் கேட்டிருப்போம். அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில் சவூதி அரேபியா தந்த காசில் கட்டிய 500 வீடு உச்ச நீதிமன்ற வழக்கில் அகப்பட்டுப் பல வருடம் ஆள் ஏறாமல் பற்றை மூடிக் கிடந்தது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். யாருக்கு, எந்த அடிப்படையில் என்று முதலே சொல்லிவிட்டுக் கட்டியிருந்தால் சுனாமியில் வீடிழந்த அந்தச் சனத்துக்கு இந்தக் கதி வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

குறை என்றால், எங்கள் விண்ணப்பம் தமிழில் போனாலும் வந்த ஆவணம் ஆங்கிலத்தில். வாசிக்க ஒரு பிள்ளை இல்லாத வீடு என்ன செய்யும்? அப்புறம், கோப்பு இல்லை என்று ஒரு வரியில் எழுதிவிடுவது மிகவும் சுலபமாக இருக்கிறது. இந்தச் சட்டத்துக்கு எனக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போட மனம் வருகிறது, குறைந்த ஒன்று அந்த ஒரு வரிக்காக.

அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் இருந்த பழைய ஆவணங்களைக் குறைந்தது 10 வருடம் பாதுகாக்க வேண்டும் என்கிறது 7 ஆம் பிரிவு. 2017 இலிருந்து எண்ணிப் பாருங்கள். சுனாமிக் கோப்புகள் எல்லாம் அந்தப் பழைய ஆவணத்துக்குள் வருபவை. கல்லாறு, திருக்கோவில், மருதமுனை, முல்லைத்தீவு, எங்கே சுனாமி வீட்டில் இருந்தாலும் உங்கள் திட்டத்தின் ஒப்பந்தத்தையும் வரைபடத்தையும் இப்போதே கேட்டு எடுங்கள். தனியாகப் போக யோசிப்பவர்கள் சங்கமாகப் போகலாம். அங்கத்தவரில் முக்கால்வாசிப் பேர் இந்நாட்டுப் பிரஜைகளாக இருந்தால் சங்கமும் சட்டத்துக்குப் பிரஜைதான்.

டித்வாவுக்குப் பிறகு எங்கள் சங்கம் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கியது. திகதி, என்ன வந்தது, எத்தனை, எந்த நாடு, யார் கொண்டுவந்தார், யார் கையெழுத்து வாங்கினார் என்று ஆறு நிரல். பாயிலிருந்து நுளம்பு வலை வரைக்கும் எழுதுகிறோம். அதை வைத்துத்தான் போன வியாழக்கிழமை மூன்றாவது விண்ணப்பத்தைக் கொடுத்தேன். எங்கள் பிரிவுக்கென்று வந்த வெளிநாட்டு நிவாரணத்தின் இருப்புப் பதிவேடும் பங்கிட்ட விபரமும் கேட்டிருக்கிறேன், ஆட்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும் என்று. கவுன்டரில் ஒரு புதுப் பிள்ளை. எதற்கு என்று கேட்கவில்லை. திகதி முத்திரை குத்தி, பற்றுச்சீட்டைக் கிழித்து இரண்டு கையாலும் தந்தாள். கலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.